கோவை–சென்னை விமானத்தில் எவ்வளவு நேரம்? கேட்டதும் சொன்னதும்

பீளமேட்டில் டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். தூரம், நேரம் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எடுத்ததும் ஒன்று: உள்நாட்டு விமானத்துக்கு, கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுண்டரை மூடிவிடுவார்கள்.

சூலூர்க்காரர்: அண்ணா, ரோட்டில் சென்னை 500 கிலோமீட்டருங்க. போனில் ஒரு ஆப் 218 என்று காட்டுதே?

அது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கினால் 404 கி.மீ. பக்கம் வரும், அதுதான் நேர்கோட்டுத் தூரம். ரோடு சேலம் வழியாகச் சுற்றிப் போகிறது.

அவிநாசி: 800 கி.மீ. வேகத்தில் போகிற விமானத்துக்கு 400 கி.மீ. போக அரை மணி நேரம் போதாதுங்களா? டிக்கெட்டில் ஒண்ணேகால் மணி நேரம் போட்டிருக்காங்க.

டிக்கெட்டில் இருப்பது பறக்கிற நேரம் மட்டும் இல்லைங்க. விமானம் நின்ற இடத்திலிருந்து நகர ஆரம்பிப்பது முதல் சென்னையில் போய் நிற்கிற வரை எல்லாம் சேர்த்தி: ஓடுபாதை வரை உருண்டு போவது, முறைக்குக் காத்திருப்பது, இறங்கின பிறகு உருண்டு வருவது. 800 வேகம் மேலே போன பிறகுதான். ஏற இருபது நிமிஷம், இறங்க இருபது நிமிஷம் போய்விட்டால் நடுவில் மிச்சம் கொஞ்சம்தான். தண்ணீர் பாட்டிலோடு வருகிற பெண் பின் வரிசையைத் தொடுவதற்குள் காது அடைக்க ஆரம்பித்துவிடும். ஆடி மாதம் மேற்கே இருந்து காற்று அடித்தால் இன்னும் கூடும். காற்றை எதிர்த்துத்தான் இறக்க வேண்டும் என்பதால், சென்னையைத் தாண்டிக் கடல் பக்கம் போய்த் திரும்பி வருவார்கள்.

ஈரோடு: நாங்க கோவை வந்து ஏறலாமுங்களா?

வேண்டாமுங்க. 90 கி.மீ. மேற்கே வந்து, காத்திருந்து, மறுபடி கிழக்கே போகணும். எல்லாம் கூட்டினால் ஐந்து மணி நேரம். வந்தே பாரத் ஈரோட்டிலிருந்து ஏறக்குறைய நாலரை மணி நேரத்தில் சென்ட்ரலில் விட்டுவிடும்.

திருப்பூர்: அப்படி ஒரேயடியாகச் சொல்லாதீங்க அண்ணா. எனக்கு வேலை கிண்டியில். மீனம்பாக்கத்தில் இறங்கினால் பக்கம்.

ஈரோடு: சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோ இருக்குதுங்களே!

திருப்பூர்: சாயங்காலம் மீட்டிங் முடித்து ராத்திரியே வீடு திரும்ப ரயிலில் முடியுமா?

இரண்டு பேரும் அவரவர் ஊருக்குச் சரியாகத்தான் பேசுகிறீர்கள். என் கணக்கில் பெருந்துறைதான் எல்லை. அதற்குக் கிழக்கே இருப்பவர்கள் ரயிலைப் பிடிக்கலாம், மேற்கே இருப்பவர்களுக்கு விமானம். சேலத்துக்காரர்களுக்குக் காமலாபுரத்திலேயே விமான நிலையம் இருக்கிறது, அங்கே பாருங்கள்.

பொள்ளாச்சி: ஷார்ஜா விமானம் நாலு மணிக்குக் கிளம்பி ஆறரைக்குப் போகுது. இரண்டரை மணி நேரம்தானுங்களா?

இல்லைங்க, நாலு மணி நேரம். டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணிதான் போடுவார்கள். ஷார்ஜா நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால், ஆனால் பயணம் அதுவும் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான்.

கோபி: எத்தனை கிலோ சாமான் விடுவாங்க?

விமானக் கம்பெனியைக் கேளுங்கள்.

காங்கேயம்: கோவை–சென்னை எவ்வளவு நேரமுங்க?

மேலே அவிநாசிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள் தம்பி.

பல்லடம்: சென்னைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

மேலே இருக்கிறது.

திருப்பூர்: நாளைக்குக் காலை ஏழு மணி விமானமுங்க அண்ணா. ஆறு மணிக்கு அங்கே வந்தால் போதுமா?

போதாது. ஆறு மணிக்குக் கவுண்டரே மூடிவிடும். திருப்பூரிலிருந்து நாலரைக்குக் கிளம்புங்கள்.