நீறணிந்த இலங்கை வேந்தன்

கேள்வி: எங்கள் வளவில் ஆச்சி நாள்தோறும் ஓதும் திருநீற்றுப் பதிகத்தில் ‘இராவணன் மேலது நீறு’ என வருகிறதே, சீதையைக் கவர்ந்தவனுக்கு அங்கே என்ன இடம்? (வாசகர், காரைக்குடி)

பதில்: அந்தப் பதிகத்தைப் பாடிய சம்பந்தர் பெரும்பாலும் தம் பதிகங்களின் 8ஆம் பாடலில் இராவணனைக் கொண்டுவருவார். கயிலையைப் பெயர்க்கத் துணிந்து, ஈசனின் கால்விரல் அழுத்தத்தில் மலையடியில் நசுங்கி அலறியவனே, பின்னர் இசை பாடி வாள் பெற்றான் என்பதால், செருக்கும் அருளும் ஒரே பாட்டில் அடங்கிவிடுகின்றன. அதற்காகச் சீதையைச் சிறைவைத்த குற்றம் குறைந்துவிடாது. உங்கள் ஊருக்கு அருகே நாட்டரசன்கோட்டையில் அடங்கியதாகச் சொல்லப்படும் கம்பரோ, சங்கரன் தந்த அதே வாளைக் களத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு இலங்கை திரும்புபவனைக் காட்டுகிறார். வானும் மண்ணும் நகுமே என்றுகூட அவன் நாணவில்லை, சானகி நகுவாளே என்றுதான் கூனிக் குறுகினான்.