மகளின் ஃபிட்ஸ் ஆபரேஷனுக்கு ஆன்லைனில் பணம் திரட்டினால் வரி உண்டா?

கேள்வி: பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறேன். மாதம் 9,000 ரூபாய் வரும். 13 வயது மகளுக்கு நாலு வருடமாக ஃபிட்ஸ். மூன்று மருந்து மாற்றியும் நிற்கவில்லை. மூளையில் ஆபரேஷன் செய்ய தனியார் ஆஸ்பத்திரியில் 5 லட்சம் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். ஆன்லைனில் திரட்டலாம் என்கிறான் தம்பி. என் அக்கவுன்ட்டில் பணம் விழுந்தால் வரி வருமா?

பதில்: வரி இருக்கட்டும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துவிட்டீர்களா? குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருந்தால் போதும். உங்கள் கூலி 1,08,000தான். மனைவியும் வேலைக்குப் போனால் அதையும் கூட்டிப் பாருங்கள். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். இந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுவிட்டு, குறைகிற தொகைக்கு மட்டும் கை நீட்டுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவமனையில் 1995 முதல் வலிப்புக்கு ஆபரேஷன் செய்கிறார்கள். மத்திய அரசு நிறுவனம். அங்கேயும் ஒருமுறை காட்டி, செலவு எவ்வளவு என்று கேளுங்கள்.

இப்போது வரி. உங்கள் அண்ணன் தம்பி, மாமா, சித்தப்பா, மைத்துனர் எவ்வளவு கொடுத்தாலும் வரி இல்லை. பெரியப்பா மகன், நண்பர், முகம் தெரியாதவர்கள் கொடுப்பது ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் உங்கள் வருமானமாகிவிடும். புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால் கையை விட்டு ஒன்றும் போகாது. ஆனால் கூலியோடு சேர்ந்து 4 லட்சத்தைத் தாண்டினால் வருமான வரி ரிட்டர்ன் போட வேண்டும். எதற்கு வம்பு? பணம் நேராக ஆஸ்பத்திரி கணக்குக்கே போகிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். கொடுப்பவர்களுக்கும் நம்பிக்கை வரும்.

பணம் திரட்டித் தரும் இணையதளத்தில் "கமிஷன் இல்லை" என்று போட்டிருந்தாலும் பணப் பரிமாற்றக் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் பிடிப்பார்கள். கொடுப்பவரிடம் தனியாக ‘டிப்ஸ்’ கேட்பதும் உண்டு. விளம்பரச் செலவை வந்த பணத்தில் கழிப்பார்களா என்று கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் மாத்திரை சில காலம் ஓடும்; மூளையின் மின் அலைகளைப் பதியும் வீடியோ இ.இ.ஜி. போன்ற பரிசோதனைச் செலவு வேறு. கேட்கும் தொகையில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். ஃபிட்ஸ் வந்து துடிக்கும்போது எடுத்த வீடியோவைப் போட்டால் பணம் சீக்கிரம் சேரும் என்பார்கள். நாளைக்கு அவள் வகுப்பில் எல்லார் போனிலும் அது இருக்கும். டாக்டர் கடிதமும் எஸ்டிமேட்டும் போட்டால் போதும்.