சாய வாளியும் அதன் மூடியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தீபாவளி நெருங்கிவிட்டால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டுக்கு வீடு சாய வாளி திறக்கும். மூடியைப் பற்றிய கேள்விகளும் அப்போதுதான் வந்து குவியும். கமுந்திங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையின் அச்சுப் பிரிவில் பல வருடம் வேலை செய்தவன் நான். அந்த அனுபவத்தை வைத்து, இந்த முறை வந்த ஆறு கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

18 லிட்டர் வாளியைத் திறப்பதற்குள் நகமே பெயர்ந்துவிடுகிறது. ஸ்குரூ டிரைவர் விட்டு நெம்பினால் மூடி உடைகிறது. ஏன் இவ்வளவு இறுக்கமாகச் செய்கிறார்கள்?
– சாயம் அடிக்கும் தொழிலாளி, சுங்கை சிப்புட்

அண்ணே, லாரி வளைவில் திரும்பும்போது உள்ளே இருக்கும் சாயம் மொத்தமும் ஒரு பக்கமாக மோதும். 18 லிட்டர் சாயம் ஏறத்தாழ 25 கிலோ. அந்த மோதலைத் தாங்கத்தான் வாளியின் வாயைச் சுற்றி வெளிப்பக்கம் ஒரு மேடும், மூடியின் உள்பக்கம் அதைக் கவ்வும் பள்ளமும் வைக்கிறார்கள். மூடி சற்று விரிந்து மேட்டைத் தாண்டி 'டக்'கென்று விழும். விழுந்தபின் சும்மா இழுத்தால் வராது.

மூடியின் கீழ் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பெரும்பாலான வாளிகளில் கிழித்தெடுக்கும் பட்டை ஒன்று இருக்கும். அதைக் கவனிக்காமல் நெம்புவதால்தான் பாதி மூடிகள் உடைகின்றன. பட்டையை ஒரு சுற்று முழுக்கக் கிழித்துவிட்டால் மூடியின் பிடி தளர்ந்துவிடும். பட்டை இல்லாத மூடியில் ஆங்காங்கே வெட்டுக் குறிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் கத்தியால் கீறிவிட்டு, ஒரே இடத்தில் மல்லுக்கட்டாமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். ஸ்குரூ டிரைவரின் முனை வாளியின் விளிம்பில் பள்ளம் போட்டுவிடும், அப்புறம் அந்த வாளிக்கு எந்த மூடி போட்டாலும் காற்றுப் புகும். வாளி திறப்பதற்கென்றே அகலமான பிளாஸ்டிக் நெம்புகோல் விற்கிறார்கள், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் புத்தாக்கப் போட்டிக்குச் சிந்தாத, திறக்க எளிதான சாய வாளி ஒன்றை வடிவமைக்கிறோம். திருகு மூடி நல்லதா, அழுத்து மூடி நல்லதா?
– படிவம் 2 மாணவர்

தம்பி, மூடியை அப்புறம் பார்க்கலாம். முதலில் விளிம்பைப் பார்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும் வாளியின் வாயில், ஊற்றும்போது வழிந்த பால் காய்ந்து ஒட்டியிருக்கும். சின்ன வயதில் ஒரு முனையை நகத்தால் கிள்ளி, அறுந்துவிடாமல் முழு வளையமாக உரித்தெடுப்பது எனக்கு ஒரு விளையாட்டு. உரித்ததை இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறப்போட்டாலும் திரும்பப் பாலாகாது.

எமல்ஷன் சாயத்துக்கும் அதே குணம். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பாலிமர்த் துகள்கள் பரவியிருக்கும். தண்ணீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று ஒட்டித் தோலாகிவிடும், பிறகு கரையாது. அமெரிக்காவில் இதை 'லேட்டக்ஸ் பெயிண்ட்' என்றே சொல்கிறார்கள். அதில் ரப்பர் பால் கிடையாது, குணத்தை வைத்து வந்த பெயர். ஆக, உன் வாளியில் சாயம் எங்கே வழிந்து எங்கே காய்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மூடி கவ்வும் இடத்தில் காய்ந்தால், எவ்வளவு நல்ல மூடியும் இரண்டாம் நாளே ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் சரியாக மூடாது. பழைய தகர டின்னில் மூடி உட்காரும் பள்ளத்திலேயே சாயம் தேங்குவதைப் பார்த்திருப்பாய்.

இப்போது உன் கேள்விக்கு வருவோம். 1 முதல் 5 லிட்டர் வரை திருகு மூடி, அதற்கு மேல் அழுத்து மூடி. காரணம், பிளாஸ்டிக் அச்சுக்குள் ஆறும்போது சுருங்கும். வாளி செய்யும் பாலிபுரோப்பிலின் என்ற பிளாஸ்டிக் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை சுருங்கும் என்று வைத்துக்கொள். 30 சென்டிமீட்டர் வாய் என்றால் 3 முதல் 6 மில்லிமீட்டர். வாளியும் மூடியும் ஒரே அளவில் சுருங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வாய் அகலமாக ஆக, திருகு மரை பொருந்துவது கடினமாகும். அழுத்து மூடி நெகிழ்ந்து கொடுப்பதால் அந்த வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்கிறது.

சாயத்துக்குத் திருகு மூடி என்ற யோசனையை அமெரிக்காவில் டச் பாய் என்ற சாய நிறுவனம் 2002இல் கடைக்குக் கொண்டுவந்தது: சதுரமான பிளாஸ்டிக் ஜாடி, வட்டமான திருகு மூடி, பக்கத்தில் கைப்பிடி, ஊற்ற ஒரு மூக்கு. சதுர உடலுக்கு வட்ட வாய் வைத்ததைக் கவனி. சதுர மூடி மூலைகளில் ஒரே சீராக அழுத்தாது, அதைத் திருகவும் முடியாது.

நான் செய்வதாக இருந்தால், மரையை வாயின் வெளிப்பக்கம் வைத்து, ஊற்றும் உதட்டை அதைவிட இரண்டு விரல் உயர்த்துவேன். உதட்டுக்கும் மரைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், அதன் தாழ்ந்த முனையில் உள்ளே போகும் ஒரு துளை. வழிகிற சாயம் மரையைத் தொடாமல் வாளிக்குள்ளேயே திரும்பிவிடும். மரை பெரிதாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கட்டும், முக்கால் சுற்றில் திறக்க வேண்டும். தூரிகையை வழிக்க வாயின் குறுக்கே ஒரு பட்டை வை. அது இல்லாவிட்டால் எல்லாரும் விளிம்பில்தான் வழிப்பார்கள், நீ பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுக்கிறாயா? அதற்குப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை 60 டிகிரி வாக்கில் இளகும், வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிடாதே. அது வளையாமல் முறியக்கூடியது என்பதால் அழுத்து மூடியைச் சோதிக்க உதவாது, மரைக்கும் அளவுக்கும் மட்டும் போதும். சோதனைக்குத் தண்ணீர் வேண்டாம், மலிவான எமல்ஷனையே ஊற்று. இருபது முறை ஊற்றி மூடு, ஒரு வாரம் விடு, பிறகு பாட்டியிடம் கொடுத்து ஈரக் கையால் திறக்கச் சொல். குழந்தைகள் திறக்க முடியாத மூடிகளுக்கான ஐஎஸ்ஓ 8317 தரத்திலும் இரண்டு சோதனை உண்டு: 42 முதல் 51 மாதக் குழந்தைகளால் திறக்க முடியக் கூடாது, 50 முதல் 70 வயதுக்காரர்களால் திறக்க முடிய வேண்டும்.

கோயிலுக்கு அடித்து மிஞ்சிய சாயத்தை மூடி வைத்தோம். இப்போது மூடி குடை போல் உப்பி நிற்கிறது. திறக்கலாமா?
– ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர், பேராக்

வாளி எங்கே இருந்தது? தகரக் கொட்டகையிலோ காரின் பின்பெட்டியிலோ இருந்திருந்தால் வெப்பம் காரணமாக இருக்கலாம். 25 டிகிரியில் மூடிய காற்று 55 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடும். கேட்கச் சின்னதாகத் தோன்றும். ஆனால் 28 சென்டிமீட்டர் அகல மூடியில் அது 60 கிலோவுக்கு மேற்பட்ட உந்துதல். மூடி உப்புவதே அந்த அழுத்தத்துக்கு இடம் கொடுக்கத்தான். நிழலில் ஓர் இரவு வைத்தால் இறங்கிவிடும்.

இறங்கவில்லை என்றால் சாயம் கெட்டிருக்கிறது. ஆற்றுத் தண்ணீரோ வாளியில் தேங்கிய தண்ணீரோ கலந்திருந்தால், கழுவாத தூரிகையை விட்டிருந்தால், கிருமி பெருகி வாயு உண்டாகும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மூடியின் ஒரு ஓரத்தை மட்டும் மெதுவாகத் தூக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். அழுகிய நாற்றம் வந்தால் அந்தச் சாயத்தைச் சுவரில் அடிக்காதீர்கள். சுவரிலும் அந்த நாற்றம் நிற்கும். அதைச் சாக்கடையிலும் ஊற்றிவிட வேண்டாம்.

கடையில் ஐந்து அடுக்கு வைத்தேன். அடி வாளியின் மூடி குழிந்து சாயம் கசிந்துவிட்டது. வாளி மட்டமானதா?
– ஹார்ட்வேர் கடைக்காரர்

வாளியைக் குறை சொல்லும் முன் அடுக்கைப் பாருங்கள். ஐந்து அடுக்கு என்றால் அடி வாளியின் தலையில் 100 கிலோ. அந்தப் பாரம் மூடியின் ஓரத்தில் இறங்கிச் சுவர் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். நல்ல மூடியில் மேல் வாளியின் அடிப்பாகம் உட்கார ஒரு வளையம் இருக்கும். வேறு வேறு கம்பெனி வாளிகளைக் கலந்து அடுக்கினால் அந்த வளையம் பொருந்தாது, பாரம் மூடியின் நடுவில் விழும். பிளாஸ்டிக் பாரத்தின் கீழ் நாள் ஆக ஆகக் குழிந்துகொண்டே போகும், சூட்டில் இன்னும் வேகமாக. ஒரே வகை வாளியாக மூன்று அடுக்கோடு நிறுத்துங்கள், மேற்கு வெயில் படும் சுவரோரம் வேண்டாம்.

காலி எமல்ஷன் வாளியில் தின்னர் ஊற்றி வைக்கலாமா?
– வீட்டுக்காரர், கோலக்கங்சார்

வேண்டாம். வாளியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 இருந்தால் பாலிபுரோப்பிலின், 2 இருந்தால் அடர்த்தி மிகுந்த பாலித்தீன். தின்னர் இரண்டையும் ஊறவைத்து உப்பச் செய்யும், மூடி தளரும், ஆவி வெளியே வரும். பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ இருந்தால் தீப்பிடிக்கும். தின்னர் அது வந்த தகர டின்னிலேயே இருக்கட்டும்.

பழைய சாய வாளியைக் கழுவி அரிசி போட்டு வைக்கிறேன். மூடி நன்றாக இறுகுகிறது. தப்பா?
– இல்லத்தரசி, தாமான் குடியிருப்பு

அக்கா, அரிசியை இன்றைக்கே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். சாயத்தில் கிருமிகொல்லி சேர்த்திருப்பார்கள், அது பிளாஸ்டிக்கிலும் ஊறியிருக்கலாம். எவ்வளவு கழுவினாலும் அது உணவுக்கு ஆகாது.

செடிக்குத் தண்ணீர் பிடித்து வைக்கத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், மூடியோடு. மூடி இல்லாத வாளியில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். வீட்டில் கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி அபராதம் உண்டு. மூடி தொலைந்துபோன வாளியா? அடியில் ஐந்தாறு துளை போட்டு மண்ணை நிரப்பிக் கறிவேப்பிலைக் கன்று வைத்துவிடுங்கள்.