வட்டிக்குப் போகும் 18 டாலர்

அன்புள்ள ஐயா,

டாலஸில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். ஏப்ரலில் வரி தாக்கல் செய்யும்போதெல்லாம் ஒரே கேள்வி மனதைக் குடைகிறது. ஃபெடரல் அரசின் கடன் 36 டிரில்லியன் டாலரைத் தாண்டிவிட்டது. நான் இப்படிக் கடன் வாங்கிக் குடும்பம் நடத்தினால் வீடு என்றைக்கோ ஏலத்துக்குப் போயிருக்கும். வெளிநாட்டு உதவி, அரசு ஊழியர் சம்பளம் என்று வாரி இறைக்கிறார்கள், நாம் கட்டுகிறோம். கட்டுகிற காசுக்கு நமக்கு என்னதான் கிடைக்கிறது? அடுத்த ஆண்டு எனக்குக் குடியுரிமை வந்துவிடும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைப் பற்றி என்ன கேட்கலாம்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் காசு போகிற இடம் நீங்கள் நினைக்கிற இடம் இல்லை.

2024 நிதியாண்டில் ஃபெடரல் அரசு செலவழித்தது சுமார் 6.75 லட்சம் கோடி டாலர் (நம் கணக்கில் 1 டிரில்லியன் என்பது 1 லட்சம் கோடி). வரியும் மற்ற வரவுகளும் சேர்ந்து வந்தது 4.92 லட்சம் கோடி. துண்டு விழுந்த மீதிக்கெல்லாம் புதுக் கடன். செலவில் வெளிநாட்டு உதவி 1 சதவீதத்தைச் சுற்றித்தான் வரும். பெரும்பங்கு முதியோருக்கான ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி, அவர்களுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்டு, ராணுவம், அப்புறம் வட்டி.

அந்த வட்டியைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அந்த ஒரு ஆண்டில் மட்டும் சுமார் 88,000 கோடி டாலர். ராணுவத்துக்குப் போனதைவிட அதிகம். அரசுக்கு வந்த ஒவ்வொரு 100 டாலரிலும் ஏறத்தாழ 18 டாலர் இதற்கே போய்விட்டது. அதில் ஒரு பாலம் கட்டவில்லை, ஒரு நோயாளிக்கு மருந்து வாங்கவில்லை. 2022 தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டி விகிதத்தை மத்திய வங்கி 2023 ஜூலைக்குள் 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றியது. மலிவு வட்டியில் விற்ற பழைய கடன் பத்திரங்கள் முதிர முதிர, அதே கடனைக் கூடுதல் வட்டிக்குப் புதுப்பிக்க வேண்டிவந்தது.

குடும்பக் கடனோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். அது முழுதாகப் பொருந்தாது. அரசுக்குப் பணி ஓய்வு வயது கிடையாது, கடனும் அதன் சொந்த நாணயத்தில்தான் இருக்கிறது. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் பார்க்கிற ஒரு கணக்கு இங்கேயும் செல்லும். நகையை அடகு வைத்தவன் கிணறு வெட்டினானா, பந்தல் போட்டானா? இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது கடன் நாட்டின் ஆண்டு உற்பத்தியைவிடப் பெரிதாக இருந்தது. எதற்கு வாங்கினோம் என்று அன்றைக்கு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2020 பெருந்தொற்றின்போது வாங்கியதையும் நான் குறை சொல்ல மாட்டேன். வேலை போன வீடுகளில் அதனால்தான் அடுப்பு எரிந்தது.

ஆனால் 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் இதே நாட்டின் பட்ஜெட்டில் உபரி இருந்தது. 2000இல் மட்டும் 23,600 கோடி டாலர். அப்புறம் 2001இல் வரிக் குறைப்பு, ஆப்கானிஸ்தான் போர், இராக் போர், போர் நடக்கும்போதே 2003இல் இன்னொரு வரிக் குறைப்பு. கையில் உபரியே இல்லாத 2017இல் மறுபடி ஒன்று. எல்லாம் கடனில். அன்றைக்கு ஓட்டுப் போடும் வயதே வராத பிள்ளைகள் அதற்கு இன்று வட்டி கட்டுகிறார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வீண் செலவே இல்லையா என்றால், இருக்கிறது. 2018 முதல் ஆண்டுதோறும் முழுத் தணிக்கைக்கு உட்படும் பென்டகன், அதாவது ராணுவத் துறை, ஒரு முறைகூடத் தேறவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட 'காசுக்கு என்ன கிடைக்கிறது' என்பதற்கு நான் காட்டுவது ஒரு மாத்திரையை. சர்க்கரை நோய்க்கான ஜானுவியா. 2023இல் ஒரு மாத மாத்திரைக்குப் பட்டியல் விலை 527 டாலராக இருந்தது. அதையே மெடிகேர் பேரம் பேசியதும் 113 டாலருக்கு ஒப்புக்கொண்டார்கள். 2026 ஜனவரியில் அமலுக்கு வரும்படி பேசி முடித்த விலை அது. அதுவரை ஏன் பேசவில்லை? மருந்து நிறுவனங்களோடு மெடிகேர் விலை பேசக் கூடாது என்று 2003இல் சட்டமே போட்டிருந்தார்கள். 2022இல் வந்த புதுச் சட்டம்தான் அந்தக் கட்டை அவிழ்த்தது, அதுவும் முதலில் 10 மருந்துகளுக்கு மட்டும். எந்த அதிகாரியும் திருடவில்லை, எந்த ஊழியரும் சோம்பேறியாக இருக்கவில்லை. ஆனாலும் அத்தனை வருடம் பணம் போனது.

உங்கள் சம்பளச் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், மெடிகேருக்கு 1.45 சதவீதம் பிடித்திருப்பார்கள். நிறுவனமும் அதே அளவு கட்டுகிறது. பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்த உங்களுக்கு அது ஓய்வுக்காலத்தில் திரும்பி வரும். எச்1பி விசாவில் வந்து ஆறேழு வருடத்தில் ஊர் திரும்புகிற நம் பிள்ளைகளுக்கு வராது. இரு நாட்டிலும் வேலை பார்த்த வருடங்களைச் சேர்த்துக் கணக்கிடும் ஒப்பந்தம் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இன்னும் இல்லை. 'என் காசுக்கு என்ன கிடைத்தது' என்று கேட்க அவர்களுக்குத்தான் முதல் உரிமை.

சரி, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் 'வீண் செலவைக் குறைப்பீர்களா' என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். பெட்ரோலைப் பற்றிக் கேளுங்கள். கேலனுக்கு 18.4 சென்ட் ஃபெடரல் வரி. 1993க்குப் பிறகு அது ஒரு சென்ட்கூட ஏறவில்லை. நெடுஞ்சாலை நிதிக்கு அது போதாமல் 2008 முதல் பொதுக் கருவூலத்திலிருந்து எடுத்து நிரப்பிவருகிறார்கள். அந்தக் கருவூலமே கடனில்தான் ஓடுகிறது. வரியை ஏற்றுவீர்களா, சாலை வேலையைக் குறைப்பீர்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்று சொன்னால், அந்த வட்டியை யார் தலையில் கட்டப்போகிறார் என்று விடாமல் கேளுங்கள்.