இன்ட் கொடுத்தும் ஏன் கம்பைல் ஆகிறது?

கேள்வி: ஸ்காலா நிரல் மொழியின் 2.13 பதிப்பில் எழுதுகிறேன். ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) கேட்கும் ஒரு ஃபங்ஷனுக்குத் தவறுதலாக 42 என்ற இன்ட்டை (முழு எண்ணை) அனுப்பிவிட்டேன். கம்பைலர் வாயே திறக்கவில்லை. ஓட்டும்போது 'இண்டெக்ஸ் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்: 42' என்று எக்செப்ஷன் வருகிறது. அந்த ஃபங்ஷனுக்குள் லிஸ்ட் எதுவுமே இல்லையே?

பதில்: ஃபங்ஷனுக்குள் பார்க்காதீர்கள், அதை அழைக்கும் இடத்தைப் பாருங்கள். பயனரின் அனுமதிகள் போன்ற ஏதோ ஒரு ஸ்ட்ரிங் லிஸ்ட்டை அங்கே இம்ப்ளிசிட் பாராமீட்டராக, அதாவது நாம் எழுதாமலே கம்பைலர் தானாக எடுத்துக் கொடுக்கும் மதிப்பாக, வாங்கியிருப்பீர்கள். ஒவ்வொரு அழைப்பிலும் அதை எழுதி அனுப்புவது அலுப்பு என்பதால் அப்படிச் செய்திருக்கலாம். சிக்கல் அதுதான்.

ஸ்காலாவில் லிஸ்ட்டும் ஒரு ஃபங்ஷன்தான். எண்ணைக் கொடுத்தால் அந்த இடத்தில் உள்ள உறுப்பைத் தரும். ஆகவே ஸ்ட்ரிங் லிஸ்ட் என்பது இன்ட்டை வாங்கி ஸ்ட்ரிங்கைத் தரும் ஃபங்ஷன். ஸ்காலா 2-இல் இப்படிப்பட்ட இம்ப்ளிசிட் மதிப்பு ஸ்கோப்பில் (அந்த வரிக்கு எட்டும் இடத்தில்) இருந்தாலே போதும், டைப் மாற்றத்துக்கு அதைக் கம்பைலர் பயன்படுத்திக்கொள்ளும். ஸ்ட்ரிங் வர வேண்டிய இடத்தில் இன்ட் வந்ததும் பிழை சொல்வதற்கு முன் மாற்ற வழி தேடியது, உங்கள் லிஸ்ட் கிடைத்தது, 42-ஆம் இடத்தை எடுக்கும் அழைப்பைச் செருகிவிட்டது. உங்கள் லிஸ்ட்டில் அத்தனை உறுப்புகள் இல்லாததால் மாட்டினீர்கள். எண் 0 என்றிருந்தால் முதல் அனுமதியின் பெயர் சத்தமில்லாமல் உள்ளே போயிருக்கும். அது இதைவிட மோசம்.

மேப், செட் இரண்டிலும் இதே ஆபத்து உண்டு. ஸ்ட்ரிங் செட் ஒன்று இம்ப்ளிசிட்டாக இருந்தால், இஃப் நிபந்தனையில் வெறும் ஸ்ட்ரிங்கை வைத்தாலும் கம்பைல் ஆகும், ஏனென்றால் செட் ஸ்ட்ரிங்கை வாங்கி பூலியன் (ஆம்/இல்லை) தரும் ஃபங்ஷன்.

சந்தேகம் தீர வேண்டுமா? கம்பைலர் ஆப்ஷன்களில் 'எக்ஸ்பிரிண்ட் டைப்பர்' (-Xprint:typer) சேர்த்து ஓட்டுங்கள். கம்பைலர் செருகியது எல்லாம் அப்படியே அச்சாகும். வெளியீடு நீளமாக இருக்கும், அந்த ஒரு ஃபைலை மட்டும் கம்பைல் செய்தால் போதும்.

சரி, தீர்வு. அனுமதி லிஸ்ட்டை உள்ளே வைத்து ஒரு சிறிய கேஸ் கிளாஸ் (தரவை வைத்திருக்கும் எளிய கிளாஸ்) எழுதி, அந்த கிளாஸை மட்டும் இம்ப்ளிசிட் ஆக்குங்கள். அது ஃபங்ஷன் அல்ல என்பதால் டைப் மாற்றத்துக்குள் நுழையாது. ஸ்ட்ரிங், இன்ட், லிஸ்ட் போன்ற பொது டைப்களை நேரடியாக இம்ப்ளிசிட் ஆக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆக்கினால், ஸ்ட்ரிங் கேட்கும் வேறொரு இம்ப்ளிசிட் பாராமீட்டருக்குச் சம்பந்தமே இல்லாத ஸ்ட்ரிங் போய்ச் சேரும். அல்லது ஒரே டைப்பில் இரண்டு இருந்து, எதை எடுப்பது என்று தெரியாமல் கம்பைலர் பிழை காட்டும்.

2021-இல் வந்த ஸ்காலா 3-க்கு மாற முடிந்தால் இன்னும் நல்லது. இம்ப்ளிசிட்டுக்குப் பதிலாக அங்கே உள்ள 'கிவன்' என்று அறிவித்த லிஸ்ட் டைப்பை மாற்றாது. மாற்றம் வேண்டுமென்றால் 'கன்வெர்ஷன்' கிளாஸின் கிவனாக வெளிப்படையாக எழுத வேண்டும்.

கேஸ் கிளாஸுக்கு மாற்றியதும் அந்த 42 வரியில் டைப் பிழை வரும். அப்புறம் வேறு வரிகளிலும் வந்தால் பதற்றப்பட்டு மாற்றத்தைத் திரும்பப் பெறாதீர்கள். அவையெல்லாம் இதுவரை ஒளிந்திருந்த பிழைகள், ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.