நிலாவெளிக் கடலில் நின்றுபோகும் எஞ்சின்

"புறாத்தீவை எட்டுமுன் படகின் வெளியெஞ்சின் இருமி நின்றுவிடுகிறது, எவ்வளவு இழுத்தும் பிடிப்பதில்லை, அரை மணி நேரம் விட்டால் ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அரை மணி நேரம்தான் துப்பு. காபரேட்டரைக் கழற்றும் யோசனையை இப்போதைக்கு விடுங்கள்.

அடுத்த முறை நின்றதும் கயிற்றை இழுக்காமல், எரிபொருள் குழாயில் உள்ள ரப்பர் குமிழைப் பிடித்துப் பாருங்கள். சப்பிப்போயிருந்தால் எரிபொருள் தாங்கி மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கலாம், அல்லது உப்பேறி அடைத்திருக்கலாம். எரிபொருள் குறையக் குறைய உள்ளே காற்று வர வழியில்லை. மூடியைத் தளர்த்தும்போது 'உஸ்' என்று காற்றை இழுத்தால் சந்தேகமே வேண்டாம். எத்தனை பிசைந்தாலும் குமிழ் இறுகாவிட்டால் குழாய் இணைப்பின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள்.

குமிழ் கல்லாக இறுகியும் பிடிக்கவில்லையா? பிளக்குக்கு மின்பொறி தரும் கொயில் சூட்டில் வேலை செய்யாமல் போகிறது என்பதுதான் என் சந்தேகம். ஆறியபின் சோதித்தால் பொறி நன்றாகவே வரும். மெக்கானிக்கும் குறையில்லை என்று அனுப்பிவிடுவார். சூடாக இருக்கும்போதே சோதிக்கச் சொல்லுங்கள், எரிபொருள் ஆவி இல்லாத இடத்தில். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் வெளியே பீய்ச்சுவது மெலிந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால், ஆறியபின் பெட்ரோலில்தான் கிளப்ப வேண்டும்.

அதுவரை நங்கூரமும் துடுப்பும் இல்லாமல் போகாதீர்கள். கரைப்பக்கமிருந்து வீசும் கச்சான் காற்று படகை வெளிக்கடலுக்குத்தான் தள்ளும். குமிழ் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.