சுவாமிமலையும் கிசில்-ஆர்ட்டும்

அண்ணே,

கிர்கிஸ்தான்-தஜிகிஸ்தான் எல்லையில் இருக்கும் கிசில்-ஆர்ட் கணவாயை பைக்கில் கடந்ததைப் பற்றிப் போன மாதம் மூன்றே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். மலை ஏறி இறங்கினால் இன்னொரு நாடு என்பதை நினைத்தே எனக்குத் தூக்கம் போச்சு. வயது 26. வண்டி ஓட்டியதெல்லாம் வயல்காட்டு ரோடும் மன்னார்குடி ரோடும்தான். டெல்டாக்காரனுக்கு இது சரிப்பட்டு வருமா? என் புல்லட்டையே கொண்டுபோகலாமா?

க., நீடாமங்கலம்

அன்புள்ள தம்பி,

நான் வலங்கைமான் பக்கம். சின்ன வயதில் நான் ஏறிய ஒரே மலை சுவாமிமலை, 60 படி, அதுவும் கட்டுமலை. கிசில்-ஆர்ட் 4,280 மீட்டர். உங்கள் பயம் எனக்கும் இருந்தது.

புல்லட்டை வீட்டிலேயே விடுங்கள். விமானத்தில் கிர்கிஸ்தான் போய், ஓஷ் நகரில் வாடகைக்கு வண்டி எடுக்க வேண்டும். கணவாய்க்கு அந்தப் பக்கம் தஜிகிஸ்தான். அதன் விசாவோடு பாமிர் மலைப் பகுதிக்கான தனி அனுமதியும் வாங்க வேண்டும், நம்மூர் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் உரிமம், அப்புறம் வண்டியை எல்லை தாண்டி எடுத்துப் போகலாம் என்று உரிமையாளர் தரும் கடிதம். நான் போனது 2018 ஜூலையில். 2021ல் இரண்டு நாட்டுக்கும் நடந்த எல்லைச் சண்டைக்குப் பிறகு எல்லை மூடிக்கிடந்தது, 2025 மார்ச்சில்தான் இரண்டும் எல்லை ஒப்பந்தம் போட்டன, அதனால் இன்றைய விதி என்னவென்று வண்டி தருபவர்களிடமே கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ஓஷிலிருந்து சாரி-தாஷ் வரை நல்ல தார் ரோடு. அந்த ஊரே 3,170 மீட்டர் உயரம், உடம்பு உயரத்துக்குப் பழக அங்கே இரண்டு ராத்திரி தங்குங்கள். நான் அவசரப்பட்டு ஒரே ராத்திரியில் கிளம்பி, மறுநாள் முழுக்க மண்டைக்குள் தவில் கச்சேரி.

கிர்கிஸ் சாவடியில் வெளியேறும் முத்திரை குத்திவிட்டார்கள். தஜிக் சாவடி உச்சிக்கு அந்தப் பக்கம், சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி. அந்த 20 கிலோமீட்டருக்கு பாஸ்போர்ட் கணக்கில் நீங்கள் எந்த நாட்டிலும் இல்லை, ரோட்டை யாரும் சீந்துவதில்லை என்பதும் பார்த்ததுமே தெரிந்துவிடும். கிசில் என்றால் சிவப்பு. முதல் நாள் மழையில் அந்தச் செம்மண் ஊறி, நாற்றங்கால் மாதிரி கிடந்தது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே களி அப்பி முன்சக்கரம் சுற்றவே மாட்டேன் என்றுவிட்டது. எனக்கு முன்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள், யானை மாதிரி வண்டிகளை நிறுத்திவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருந்தார்கள். நான் ஸ்க்ரூடிரைவரால் களியைத் தோண்டி எடுத்துவிட்டு, முதல் கியரில், இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி ஊர்ந்தேன். குறுவை அறுத்த கையோடு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், டிவிஎஸ் 50ல் நெல் மூட்டையை வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் வருவார்களே, அதே ஓட்டம்தான். பிரேக்கைத் தொட்டால் போச்சு. இது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஊட்டியில் வளர்ந்தவனுக்குத்தான் சொல்லித்தர வேண்டும்.

நம் கை பழகாதது காற்று. கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் அங்கே கிடைக்கும். என் வண்டி பழைய கார்புரேட்டர் ரகம், பெட்ரோல் வருகிற அளவுக்குக் காற்று வராமல் பிளக் கரி பிடித்து, ஏற்றத்தில் இரண்டு தடவை நின்றது. இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் அதுவே சரிசெய்துகொள்ளும், நூறு டாலர் கூடக் கேட்டாலும் அதையே எடுங்கள்.

தஜிக் சாவடியில் போய் நின்றபோது முட்டிவரை சிவப்பு. காவலர் பாஸ்போர்ட்டை வாங்காமல், முதலில் கை துடைக்க ஒரு பழந்துணியை நீட்டினார். இரண்டு வெள்ளைக்காரர்களும் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார்கள், மட்கார்டுகளைக் கழற்றிப் பின்னால் கட்டிக்கொண்டு.